மயில் முகம் கட்டிய வண்டி

ஏப்ரல் 1, திங்கள்

தினமும் பிரஷரை எழுதி வைக்கணும்னு கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி கண்டிப்பா சொல்லிட்டாங்க, அதுக்குத்தான் இந்த நோட்டு. வெறும் நம்பரை எழுதுனா எனக்கே கொட்டாவி வருது. அன்னன்னைக்கு நடந்ததையும் சேர்த்து எழுதிடலாம்னு இருக்கேன். என் சம்சாரம் புஷ்பாவுக்குத் தெரிஞ்சா, அம்பத்தேழு வயசுல டைரி எழுதுற மூஞ்சியப் பாருன்னு சிரிப்பா.

பிரஷர் 138/86. பரவால்ல.

நோன்புப் பெருநாள் நெருங்குது, கூடாரம் கேட்டு போன் ஓயலை. கல்யாணம், கருமாதி, பெருநாள் திறந்த இல்ல உபசரிப்பு, எதுவானாலும் புக்கிட் செராய்ல கூடாரமும் நாற்காலியும் என்னோடதுதான். என் ஃபோர்வீல் பிக்கப் அதையெல்லாம் டிரெய்லர்ல வச்சு இழுத்துட்டுப் போகும். ஆட்டோ கியர், இதுவரைக்கும் ஒரு நாள் மக்கர் பண்ணதில்ல. வருஷத்துல ஒரே ஒரு நாள், சித்ரா பௌர்ணமிக்கு, அதே வண்டி முருகனோட ரதத்தை இழுக்கும். ஒன்பது வருஷமா நான்தான் ஓட்டுறேன். கோயில் தலைவர் அரிகிருஷ்ணன் அண்ணன் வேற யாருக்கும் அந்த சீட்டைத் தரமாட்டார். நானும் தரமாட்டேன், அது வேற விஷயம்.

இந்த வருஷம் 23ஆம் தேதி திருவிழா. எங்க வீட்டுக்கு அது ரெட்டைத் திருவிழா. என் மக தர்ஷினிக்கு கல்யாணமாகி ஏழு வருஷம் கழிச்சுப் பிள்ளை பொறந்திருக்கு, இப்ப எங்க வீட்டுலதான் இருக்கா. கரும்புல சேலையக் கட்டி, அதுல பிள்ளையப் போட்டு, அவளும் மருமகன் லோகனும் தோள்ல தூக்கிட்டு நடக்கணும்னு வேண்டுதல். எங்க கோயில்ல கரும்புத் தொட்டில்காரங்களுக்குத்தான் முதல் மரியாதை. ரதத்துக்குப் பின்னாடி ஒட்டியே வருவாங்க.

ஏப்ரல் 5, வெள்ளி

லோகன் மயிலைக் கொண்டாந்துட்டான்.

அவன் சைன்போர்டு கடை வச்சிருக்கான். பிள்ளை பொறந்தா சாமி வண்டிக்கு மயில் செஞ்சு மாட்டுறேன்னு வேண்டிக்கிட்டானாம், எங்ககிட்டகூடச் சொல்லலை. கூடாரம் ஏத்துற வண்டி சாமிய இழுக்குறது பாக்க நல்லாவா இருக்குன்னு ஊர்ல ரொம்ப நாளா ஒரு முணுமுணுப்பு உண்டு. இப்ப ஒருத்தனும் வாயைத் திறக்க முடியாது. பலகையும் ஸ்பாஞ்சும் வச்சு, பம்பர்லேர்ந்து பானெட் வரைக்கும் மயிலோட நெஞ்சு, மேல கழுத்து, ரெண்டு பக்கமும் தோகை. கண்ணாடி மட்டும் வெளிய தெரியுது. காத்துல ஆடக்கூடாதுன்னு இறுக்கிக் கம்பி கட்டினான். வண்டியோட ஒரு இரும்புகூடத் தெரியலை.

எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. பெயிண்ட் நெடின்னு சொல்லிச் சமாளிச்சேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

சாயங்காலம் வெள்ளோட்டம் போனோம். சாமி இல்லாம, ரதத்துல ஜெனரேட்டரும் மணல் மூட்டையும் ஏத்தி, திருவிழா போற வழியிலேயே ஒரு சுத்து. மயிலைப் பாக்க எங்க குடியிருப்பு, தாமான் பூரா வாசலுக்கு வந்துடுச்சு. நான் உள்ள ராஜா மாதிரி உக்காந்திருந்தேன்.

ஆஸ்பத்திரி மேட்டுல பாதி ஏறியிருப்போம். திடீர்னு இஞ்சின் கத்துது, ஆர்.பி.எம். முள்ளு மேல எகிறுது, வண்டி நகரலை. அழுத்த அழுத்தக் கத்தல்தான் கூடுது. அப்புறம் பின்னாடி போச்சு. ஒரு சாண் இருக்கும், கூடவும் இருக்கலாம். பிரேக்கை மிதிச்சேன், ஹேண்ட்பிரேக்கையும் இழுத்தேன். ரதத்துக்குன்னு தனியா பிரேக் கிடையாது. அத்தனை பாரமும் என் வண்டியப் புடிச்சுத்தான் நிக்கணும்.

அர்ச்சனைத் தட்டு வாங்குறதுக்கு நிப்பாட்டிப் பழகுறேன்னு கூட நடந்து வந்த தலைவர் நினைச்சுக்கிட்டார். கட்டைவிரலைக் காட்டினார். நானும் காட்டினேன். கொஞ்ச நேரம் விட்டு மிதிச்சா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஏறிடுச்சு. ஆனா கருகுன நெடி வீடு வரைக்கும் கூடவே வந்துச்சு.

பிரஷர் 156/95. கோப்பி ரெண்டு தடவை குடிச்சேன், அதான்.

ஏப்ரல் 8, திங்கள்

வண்டிய மெக்கானிக் ஆ லியோங் பட்டறைக்குக் கொண்டு போனேன். மயிலைக் கழட்டி வீட்டுல வச்சுட்டுத்தான் போனேன், பட்டறை கிரீஸ் அது மேல பட்டா லோகன் மனசு கஷ்டப்படும். ஆ லியோங் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தான், ஒரு கோளாறும் காட்டலை. கூடார டிரெய்லரை மாட்டி அதே ஆஸ்பத்திரி மேட்டுல ரெண்டு பேரும் ஏறினோம். வெண்ணெய் மாதிரி ஏறுது, சனியன். நான் கற்பனை பண்றேன்னு அவன் நினைச்சிருப்பான்.

ஆனா கியர் எண்ணெயைத் தொட்டுப் பார்த்ததும் அவன் சிரிப்பு நின்னுடுச்சு. சிவப்பா இருக்க வேண்டியது பாலில்லாத கோப்பி ஓ மாதிரி கறுத்துக் கிடக்கு. மோந்து பார்த்துட்டு என் மூக்குலயும் காட்டினான். மேட்டுல அடிச்ச அதே நெடி. கியர்பாக்ஸுக்குள்ள இருக்குற கிளட்ச் தட்டுங்க சூட்டுல கருகி வழுக்குதாம். புது எண்ணெய் ஊத்திடுன்னேன். தேஞ்ச தட்டுக்குப் புது எண்ணெய் ஊத்தினா சில சமயம் சுத்தமா கையை விரிச்சிடுமாம். திறந்து பார்க்கணும்னா சாமான் கோலாலம்பூர்லேர்ந்து வரணும், பெருநாள் லீவு முடியணும், திருவிழாவுக்குள்ள ஆகாது.

அவனுக்கு நான் எப்பவும் போஸ், அதான் முதலாளி. கடைசியா ஒண்ணு சொன்னான்: "போஸ், இவ்ளோ சூடு எங்கேர்ந்து வந்துச்சு? அதைக் கண்டுபுடிங்க."

எப்பவும் இழுக்குற பாரம்தானேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

ஏப்ரல் 10, புதன்

பெருநாள். விடிஞ்சதுலேர்ந்து கூடாரம் இறக்கி, நாற்காலி போட்டு, இடுப்பு ஒடிஞ்சுது. திருவிழா விரதம்னு சொன்னதும் மலாய்க்காரங்க புரிஞ்சுக்கிட்டு எனக்குக் கூவே பலகாரம் மட்டும் தட்டு நிறைய வச்சுக் கொடுத்தாங்க. வண்டி ஒரு தடவைகூட வழுக்கலை. இன்னைக்கு இழுத்த பாரம் என்ன கொஞ்சமா?

அப்ப அன்னைக்கு மட்டும் என்ன வந்துச்சு? எனக்கு இதுதான் பயமா இருக்கு. எப்பவும் வழுக்குற வண்டின்னா வீட்டுல நிப்பாட்டிடலாம். சாமி பின்னாடி வர்றப்ப மட்டும் வழுக்குற வண்டிய என்ன பண்றது?

ஏப்ரல் 11, வியாழன்

பிரஷர் பார்க்கலை. மிஷின்ல பேட்டரி இல்ல.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரைப் புத்தாண்டு. மயிலோட வண்டிய கோயில் வாசல்ல நிப்பாட்டச் சொன்னார் தலைவர், சனங்க போட்டோ எடுக்கட்டுமாம். வெயில் மண்டையப் பொளந்துச்சு. ஏர்கோன் போட்டுக்கிட்டு, இஞ்சின் ஓட ஓட உள்ளேயே உக்காந்திருந்தேன். தர்ஷினி பிள்ளையைத் தூக்கிட்டு வந்து மயில் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டா. அப்புறம் நடக்குற வேகத்துல தாமானை ஒரு சுத்து சுத்தச் சொன்னாங்க.

கோயில் வாசல்ல இருக்குற சின்ன ஏத்தத்துல மறுபடி அதே கத்தல், அதே நெடி. டிரெய்லர் இல்ல, ரதம் இல்ல, வெறும் வண்டி. அப்பவும் இஞ்சின் தனியா கத்துது, சக்கரம் தனியா நிக்குது.

இறங்கி மயிலுக்கும் வண்டிக்கும் நடுவுல கையை விட்டேன். சுட்டுடுச்சு. உள்பக்கம் ஸ்பாஞ்சு உருகி வழிஞ்சிருக்கு.

அப்பத்தான் மண்டையில ஏறுச்சு. ரேடியேட்டர் தண்ணி டேங்குக்கு முன்னால ஜன்னல் கம்பி மாதிரி ஒரு சின்னத் தட்டி இருக்கு. கியர் எண்ணெய் அதுக்குள்ள ஓடி, முன்னாடியிருந்து வர்ற காத்துல ஆறித்தான் திரும்பப் போகும். அந்தத் தட்டிக்கு நேரா மயிலோட நெஞ்சு. காத்து போக ஊசி முனையளவு இடமில்ல. வேகமாப் போனாலாவது இடுக்குல புகும். நடக்குற வேகத்துல, மேட்டுல, ரதத்தையும் கட்டிக்கிட்டு ஏறினா அது எண்ணெய் இல்ல, பணியாரச் சட்டி.

பிள்ளை பொறந்த சந்தோஷத்துல செஞ்ச மயில். அதுதான் அந்தப் பிள்ளை முன்னாடி போற வண்டியோட மூக்கை மூடியிருக்கு. காரணத்தைக் கண்டுபுடிச்சா நிம்மதி வரும்னு நினைச்சேன். வரலை.

ஏப்ரல் 15, திங்கள்

லோகன்கிட்ட, காத்து வரணும்பா, நெஞ்சுல ஒரு ஓட்டை வேணும்னு மட்டும் சொன்னேன். அவன் முகம் சுருங்குச்சு, ஆனா ஏன்னு கேக்கலை. நல்ல பையன். பெரிய ஓட்டையா வெட்டி, வலை அடிச்சு, வலைக்கும் நீலம் பூசிட்டான். தூரத்துலேர்ந்து பார்த்தா தெரியலை.

ஆ லியோங்கிட்ட போய்ச் சொன்னேன். மயில் கதையைக் கேட்டு முதல்ல வயிறு குலுங்கச் சிரிச்சான், அப்புறம் சிரிப்பை நிறுத்திட்டான். இனிமே கருகாது, ஆனா கருகினது கருகினதுதான், திரும்ப முளைக்காதுன்னான். மேட்டுல தாங்குமான்னு கேட்டேன். தாங்கலாம், தாங்காமலும் போகலாம், நான் வாக்குக் கொடுக்கமாட்டேன் போஸ்னான்.

வேற யாருகிட்டயும் சொல்லலை. எதுக்கு வீணா எல்லாரையும் கலவரப்படுத்தணும்?

ஏப்ரல் 17, புதன்

மருந்து வாங்கணும்னு சொல்லிட்டு ஆஸ்பத்திரி மேட்டுக்கு நடந்தே போனேன். மருந்து வீட்டுலயே இருக்கு.

மேட்டுல ஒரு பக்கம் ஆழமான கால்வாய், மறுபக்கம் ஆஸ்பத்திரிச் சுவர். நடுவுல ரதம் வந்தா ரெண்டு ஆள் ஒதுங்குற இடம்தான் மிச்சம். மேலேர்ந்து ஏதாவது உருண்டு வந்தா ஓட இடமே இல்ல. போதாததுக்கு மேட்டு அடியிலேயே தேங்காய் உடைப்பாங்க, ரோடு பூரா தண்ணியும் ஓடும். பிரேக் புடிச்சாலும் டயர் புடிக்கணுமே. ஒன்பது வருஷமா இந்த மேட்டுல ஏறியிருக்கேன், ஒரு நாள்கூட இதை இப்படி நின்னு பார்த்ததில்ல.

வீட்டுக்கு வந்தா பிள்ளை என் விரலைப் புடிச்சுக்கிட்டு விடமாட்டேங்குது. கையைப் பிடுங்கிக்கிட்டு குளிக்கப் போனேன்.

பிரஷர் 168/102. மிஷின் சரியில்ல.

ஏப்ரல் 19, வெள்ளி

தலைவர்கிட்ட சொல்லிட்டேன். வண்டி கொஞ்சம் சூடாகுதுன்னு சொன்னேன். அவர் ஒரு கையில போன், ஒரு கையில பந்தல்காரன். ஒரு அர்ச்சனை பண்ணிடு தணிகா, எலுமிச்சம்பழம் கட்டிடுன்னார். அதுக்கு மேல பேச அவருக்கு நேரமில்ல. முழுசாச் சொல்லியிருக்கலாம்தான். ஆனா அவரோட தம்பி பக்கத்துலயே நின்னுக்கிட்டிருந்தான். புது வண்டி வாங்கினதுலேர்ந்து அவனுக்கு என் சீட்டு மேல ஒரு கண்ணு. அவன் முன்னாடி என்னத்தைச் சொல்றது?

எலுமிச்சம்பழம் கட்டிட்டேன்.

ஏப்ரல் 20, சனி

சோறு இறங்கலை. விரதத்துல அப்படித்தான் இருக்கும்னு புஷ்பாகிட்ட சொன்னேன். அவ தட்டையே பார்த்துக்கிட்டிருந்தா.

ஏப்ரல் 21, ஞாயிறு

ஒரு வழி கண்டுபுடிச்சிட்டேன்னு காலையில தெம்பா எழுந்தேன். தர்ஷினி பின்கட்டுல துணி காயப் போட்டுக்கிட்டிருந்தா. பக்கத்துல போய், தொட்டிலைத் தூக்கிட்டு இந்தத் தடவை ரதத்துக்கு முன்னாடி நடங்கம்மா, பின்னாடி புகை, பிள்ளைக்கு ஆகாதுன்னேன்.

தொட்டில்காரங்க பின்னாடிதானேப்பா வரணும்னா. இல்ல, நான் தலைவர்கிட்ட பேசிக்கிறேன்னேன். முன்னாடின்னாலும் ஓரமா, ரொம்ப முன்னாடி போயிடுங்கன்னேன். குரல் எனக்கே வேற மாதிரி கேட்டுச்சு. அவ கையில இருந்த துணியைக் கொடியில போடாம என் முகத்தைப் பார்த்தா. அவ அம்மா மாதிரி, பார்த்தாளுன்னா உள்ள இருக்குறது வெளிய வந்துடும். எல்லாத்தையும் கொட்டிட்டேன். மேடு, நெடி, மயில், ஆ லியோங், எல்லாம்.

அவ அழுவான்னு நினைச்சேன். அழலை. ரொம்ப மெதுவாக் கேட்டா:

"நாங்க முன்னாடி போயிடறோம்ப்பா. மத்தவங்க?"

அவ துணியைப் போட்டுட்டு உள்ள போயிட்டா.

ஏப்ரல் 22, திங்கள்

தலைவர் வீட்டுக்குப் போய் முழுசாச் சொன்னேன். தம்பியும் இருந்தான், இருக்கட்டும்னு சொன்னேன். அவர் முதல்ல நம்பலை, அப்புறம் கத்தினார், அப்புறம் தலையில கையை வச்சு உக்காந்துட்டார். தம்பி வண்டிய எடுக்கலாம்னா ரதத்தோட கொக்கி என் வண்டிக்குன்னே செஞ்சது, மாத்த நேரமில்ல. போலீஸ் பர்மிட் நாளைக்கு ஒரு நாளைக்கு, அந்த வழிக்கு மட்டும்தான். ஊரெல்லாம் சொல்லியாச்சு.

சமரோட்டுல இழுக்குறேன், மேட்டுல இழுக்கமாட்டேன்னு சொன்னேன். ஒன்பது வருஷமா முருகன்தான் இழுத்தான், நீ வெறும் ஸ்டீயரிங் புடிச்சேன்னார். சுருக்குன்னு இருந்துச்சு. மேட்டு அடியில பேசிக்குவோம்னு எழுந்து போயிட்டார்.

கூடாரக் கயிறு அத்தனையும் வண்டியில ஏத்தினேன். கூடாரக் காலுக்கு முட்டுக் கொடுக்குற கட்டைங்களையும் ஏத்தினேன். பயத்துல கட்டை கை நழுவிக் கால்ல விழுந்துச்சு.

ஏப்ரல் 24, புதன்

நேத்து எழுத முடியலை.

அஞ்சு மணிக்குக் கிளம்பினோம். நாதஸ்வரம், உறுமி, கூட்டம். சமரோட்டுல மயில் அழகா நடந்துச்சு. லோகன் வெட்டின ஓட்டை நல்லா வேலை செஞ்சுது, நெடியே இல்ல. மேடு கிட்ட வர வர, ஒருவேளை ஏறிடுமோன்னு தோணுச்சு. ஏறிடும் தணிகா, ஏன் ஊர் சிரிக்க நிக்கிறேன்னு உள்ள ஒரு குரல். கால் ஆக்ஸிலேட்டர் மேலதான் இருந்துச்சு. சத்தியமாச் சொல்றேன், எடுத்திருப்பேன்.

தேங்காய் உடைச்சு முடிச்சாங்க. எல்லாரும் என்னையே பார்க்குறாங்க. தலைவர் கண்ணாடி கிட்ட குனிஞ்சார்.

"எடு தணிகா. முருகன் பார்த்துக்குவான்."

"பார்த்துக்கிட்டுதான் அண்ணே இருக்கான்"ன்னு சொல்லிட்டு இஞ்சினை நிறுத்தினேன்.

கீழ இறங்கினேன். தேங்காய்த் தண்ணியில வெறுங்கால் வழுக்குது. மைக்கை வாங்கி, வண்டியோட கியர் போயிடுச்சு, மேட்டுல பின்வாங்கினா பின்னாடி இருக்குறவங்க மேல ஏறிடும், மன்னிச்சுக்குங்கன்னு சொன்னேன். உறுமி நின்னு போச்சு. கூட்டத்துலேர்ந்து ஒருத்தன், இதை முந்தாநாளே சொல்ல வாய் இல்லையான்னு கேட்டான். நியாயமான கேள்விதான். தலைவர் என்னைப் பார்க்கவே இல்ல.

வண்டியில இருந்த கூடாரக் கயிறை முதல்ல தூக்கினது லோகன். தொட்டிலோட அவன் பக்கத்தைத் தன் அண்ணன் தோளுக்கு மாத்திட்டு ஓடி வந்தான். அப்புறம் யாரும் யாருக்கும் சொல்லலை. வண்டியக் கழட்டி மயிலோட சேர்த்து ஓரமாத் தள்ளினாங்க, கயிறை ரதத்துல கட்டினாங்க, ஆம்பள பொம்பள வித்தியாசமில்லாம புடிச்சாங்க. தலைவரும் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு நடுவுல நின்னார்.

நான் கட்டையை எடுத்துக்கிட்டு ரதத்துக்குப் பின்னாடி போனேன். ஒரு சக்கரத்துக்கு நான், இன்னொண்ணுக்கு தலைவரோட தம்பி. ரதம் நகர நகரப் பின்னாலேயே கட்டையைத் தள்ளிக்கிட்டே வரணும். பாதி மேட்டுல யாரோ முன்னால வழுக்கி விழுந்தாங்க போலிருக்கு, கயிறு தொய்ஞ்சு ரதம் பின்வாங்கிடுச்சு. என் கட்டை மேல வந்து உக்காந்துச்சு. கட்டை முனகுச்சு, நின்னுடுச்சு. எனக்கு மூத்திரம் வந்துடுச்சுன்னு எழுதுறதுக்கு வெக்கமில்ல.

மூச்சு வாங்கிட்டுத் திரும்பிப் பார்த்தேன். ஒன்பது வருஷமா நான் பின்னாடி யாரையும் பார்த்ததில்ல. கண்ணாடியில ரதம் மட்டும்தான் தெரியும், நானும் அது போதும்னு இருந்தேன். கால்வாய்க்கும் சுவருக்கும் நடுவுல நெருக்கியடிச்சு நிக்கிறாங்க. தலையில பால்குடம், கண்ணை மூடிக்கிட்டு ஒரு பொண்ணு. வேலை முடிஞ்சு பாக்டரி சட்டையோட அப்படியே வந்த பையனுங்க. ஊதுபத்தியோட ஒரு சீனத் தம்பதி. எங்க தொட்டில் மட்டும் இல்ல, இன்னும் மூணு கரும்புத் தொட்டில். தர்ஷினி முன்னாடி போகவே இல்ல, அவளோட இடத்துலதான் நின்னா. என்னைப் பார்த்துத் தலையாட்டினா.

அவளுக்குப் பக்கத்துல சக்கர நாற்காலியில ஒரு அம்மா. யாருன்னு எனக்குத் தெரியாது. என் கட்டையைக் கைநீட்டிக் காட்டி, நல்லா ஒட்டிப் போடுப்பான்னாங்க.

சரிம்மான்னு சொல்லி ஒட்டிப் போட்டேன்.

ஏப்ரல் 29, திங்கள்

வண்டிய வேற லோரில ஏத்தி ஆ லியோங் பட்டறைக்கு அனுப்பியிருந்தேன். இன்னைக்கு கூப்பிட்டான். கியர்பாக்ஸைப் பிரிச்சுக் கீழ துணியில பரப்பி வச்சிருந்தான். தட்டுங்க அத்தனையும் கரி. வழுக்காம புடிக்கிற பூச்சு அங்கங்க நகக்கண் அளவுதான் மிச்சம், மத்ததெல்லாம் வெறும் இரும்பு. ஒண்ணைத் தூக்கினான், விரலெல்லாம் கரி ஒட்டிக்கிச்சு. மேட்டுல எவ்வளவு தூரம் போயிருக்கும்னு கேட்டேன். ஏற ஆரம்பிச்சிருக்கும் போஸ், பாதி தாண்டியிருக்காதுன்னான்.

பாதியில எங்க நின்னிருப்பேன்னு எனக்குத் தெரியும். சுவரும் கால்வாயும் நெருங்குற இடம். பட்டறை வாசல்ல உக்காந்துட்டேன். ஆ லியோங் தண்ணி கொண்டாந்து கொடுத்தான், தலைவரைக் கூட்டிட்டு வந்து காட்டுங்கன்னான். வேணாம்னு சொல்லிட்டேன், முந்தியே சொல்லாதவன் இப்ப என்னத்தைக் காட்டுறது?

வீட்டுக்கு வந்தப்ப புஷ்பா பிள்ளையை மடியில போட்டு எண்ணெய் தேச்சுக்கிட்டிருந்தா, தர்ஷினி வெந்நீர் விளாவிக்கிட்டிருந்தா. பட்டறையில என்ன சொன்னாங்கப்பான்னு கேட்டா.

இன்னும் பிரிக்கலைன்னு சொன்னேன்.